சனிக்கிழமைக் கச்சேரியை நிறுத்திய எங்கள் பிரதேச சபைக்கு

தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

ஏ-9 வீதியோரச் சாப்பாட்டுக்கடையில் சனிக்கிழமை தோறும் பின்னேரம் நடந்துவந்த ஜாஸ் கச்சேரியை உடனடியாக நிறுத்தச் சொல்லி உங்கள் சபையிலிருந்து கடிதம் போயிருக்கிறது. எமது மண்ணின் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, அயலவருக்கு இடையூறு, அனுமதி பெறாத களியாட்டம் என்று மூன்று காரணங்கள் அதில் இருக்கின்றன. யார் முறைப்பாடு செய்தார்கள், யார் வந்து விசாரித்தார்கள், எந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. மீறினால் வியாபார அனுமதிப்பத்திரம் இரத்தாகும் என்ற எச்சரிக்கை மட்டும் தெளிவாக இருக்கிறது. கடையை நடத்துகிற தங்கச்சிக்கு அந்தப் பத்திரம்தான் சீவியம். அவர் அன்றைக்கே ட்ரம்ஸ் செற்றைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டார். அவரால் உங்களோடு எதிர்த்துக் கதைக்க முடியாது. என்னால் முடியும், அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தப் பகுதிப் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் வயலின் படித்தவள். உங்களில் சிலர் என் வகுப்பில் சரளி வரிசை பாடியவர்கள். அந்த உறவு ஒருபக்கம் இருக்கட்டும். இதைச் சோலைவரி கட்டுகிறவளாகவும், 2025 மே மாதம் வரிசையில் நின்று இந்தச் சபைக்கு வாக்களித்தவளாகவும் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை வந்து, கதிரையில் இருந்து, முழுதாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே அங்கே என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன்.

பகலில் அது சோறும் கறியும் விற்கிற கடை. பஸ்காரரும் லொறிக்காரரும் நின்று சாப்பிட்டுப் போவார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கி, மேசைகளைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். கச்சேரி ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். ரிக்கெற் இல்லை. வெற்றுப் பால்மா ரின் ஒன்று முன்னால் இருக்கும். மனம் வந்தவர்கள் காசு போடுவார்கள். சேர்ந்ததை வாசித்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். கடையில் சாராயமோ பியரோ இல்லை. குடித்துவிட்டு வந்தவரை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். இடியப்பமும் சொதியும் இருக்கும், கொத்துறொட்டி இருக்கும், மாரிகாலத்தில் ஒடியற்கூழ் இருக்கும்.

வாசிப்பவர்கள் ஐந்து பேர். ட்ரம்பெற் வாசிக்கிற ஐயா தேவாலய பாண்ட் வாத்தியக் குழுவோடு வளர்ந்தவர். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வாசித்தவர். சாக்ஸபோன் வாசிக்கிற பெடியன் அவரிடம் ஊதப் பழகினவன். பேஸ் கிற்றார் வாசிக்கிற அண்ணர் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினவர். அந்த நாட்டில் மொல்டே என்ற சிறிய கடற்கரைப் பட்டினத்தில் 1961 தொடக்கம் வருடா வருடம் ஜாஸ் விழா நடக்கிறது. அதைக் கேட்கப் போன இடத்தில் இந்த இசை அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் மற்றவர்கள் படித்தார்கள். கீபோர்ட் வாசிப்பது உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை, என் மாணவி.

ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவனுக்கு வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 இல், சின்னப் பெடியனாக இருக்கும்போது போனது. ட்ரம்ஸ் செற்றில் பெரிய ட்ரம்மை அடிக்கிற பெடலை வலதுகாலால் மிதிக்கவேண்டும். செயற்கைப் பாதம் பெடலில் நிற்காது, வழுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பெடலின் மேல் ஒட்டினான். இன்னொரு துண்டை வளையமாக்கிப் பாதத்துக்கு மேலால் மாட்டினான். பிறகும் கரைச்சல் தீரவில்லை. கணுக்கால் மடியாது என்பதால் தொடையிலிருந்து முழுக்காலையும் தூக்கித்தான் மிதிக்கவேண்டும். அப்படி மிதித்தால் அடி பிந்தும். அவன் செய்தது இதுதான்: கை அடிப்பதற்கு ஒரு சொட்டு முந்தியே காலைத் தூக்கத் தன்னைப் பழக்கினான். கையுக்கு ஒரு கணக்கும் காலுக்கு இன்னொரு கணக்குமாக இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் ஓடவிட்டு, இரண்டும் ஒரே இடத்தில் விழும்படி செய்தான். தாளம் படிப்பிக்கிறதையே தொழிலாகக் கொண்ட நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கையால் தட்டிப் பார்த்தேன். பிசகவில்லை. உங்கள் கடிதம் நிறுத்தியது இந்தப் பிள்ளையின் வாசிப்பை.

கேட்க வருகிறவர்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த ஆக்கள். வயல் வேலை முடித்து மேலைக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள், பகல் வேலை முடிந்த தாதிமார், ஓட்டோக்காரர், வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கிற பெண்கள், அவர்களின் பிள்ளைகள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு போராட்டப் பந்தலில் இருக்கிற அம்மா ஒருவரும் வருவார். ஒருநாள் எழும்பிப் போகும்போது என்னிடம் சொன்னார்: "ரீச்சர், இந்த ரெண்டு மணித்தியாலமும் என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நான் சும்மா இருந்து பாட்டைக் கேட்டன்." அவரிடம் எத்தனை ஆணைக்குழுக்கள், எத்தனை அதிகாரிகள் எத்தனை வருடமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இனிப் பண்பாடு. அது என் வாழ்நாள் தொழில் என்பதால் இதற்கு நான் ஆறுதலாகவே பதில் சொல்கிறேன்.

நான் படிப்பித்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைப் படித்துக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருடமாகிறது. உங்கள் சபை நடத்துகிற கலாசார விழாவில் அது இல்லாமல் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி வைப்பீர்களா? இசைநாடக மேடைகளில் எங்கள் பெரியவர்கள் ஆர்மோனியத்தோடுதான் விடிய விடியப் பாடினார்கள். அதுவும் கப்பலில் வந்ததுதான். சாக்ஸபோன், அடொல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846 இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற வாத்தியம். நாதஸ்வர வித்துவான் ஒருவரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் அதைக் கேட்டு ஆசைப்பட்டு, இராகமும் கமகமும் அதில் பேசும்படி செய்தார். 2019 இல் மறையும்வரை தென்னிந்தியச் சபாக்களிலும் கோயில்களிலும் அவரைக் கேட்காத இரசிகர் குறைவு. அந்த வாத்தியம் எங்கள் கடைத்தெருவில் ஒலித்தால் மட்டும் மண்ணுக்கு ஒவ்வாது என்றால் எப்படி ஏற்பது?

ஜாஸ் வெள்ளைக்காரத் துரைமாரின் விருந்துப் பாட்டு என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் சந்தையில் நின்று சொன்னதாக அறிந்தேன். அவருக்குச் சரியான செய்தி போய்ச்சேரவில்லை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட சனம், அமெரிக்காவின் தெற்கே நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெளியில் கூடி மேளமடித்து ஆடினார்கள். அந்த வெளியைக் கொங்கோ சதுக்கம் என்பார்கள். 1817 இல் அந்த நகர நிர்வாகம் அவர்கள் கூடுவதை அந்த ஒரு இடத்துக்குள் அடக்கியது. அந்த மேளமும், தோட்ட வேலையில் பாடிய பாட்டும், தேவாலயப் பாட்டும், பட்டாளத்து பாண்ட் வாத்தியமும் ஒன்றோடொன்று கலந்து, 1900 ஐ ஒட்டிய வருடங்களில் அதே நகரத்தில் ஜாஸ் உருவானது. 1901 இல் அங்கே ஒரு வறிய குடும்பத்தில் பிறந்த லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங், சிறுவர் இல்லமொன்றில் அடைபட்டிருந்தபோது பாண்ட் குழுவில் சேர்ந்து, ட்ரம்பெற் போன்ற கோர்னெற் என்ற வாத்தியத்தை ஊதப் பழகினார். அந்த ஊரில் சவ ஊர்வலத்துக்கு முன்னால் பாண்ட் மெதுவாக அழுதுகொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே பாண்ட் துள்ளி எழும்பும். செத்தவீட்டுப் பறைமேளத்தைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது விளங்காத இசையா?

வாசிக்கிற முறையையும் சொல்கிறேன். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை எடுத்து, அந்த நேரத்தில் மனதில் தோன்றுகிறபடி வளர்த்து, அடுத்தவரிடம் விடுவார்கள். கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். எங்கள் வித்துவான்கள் மேடையிலேயே கற்பனையாக வளர்க்கிற நிரவலும் கல்பனாஸ்வரமும் தனியாவர்த்தனமும் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதினமாக இராது. என் மாணவிக்கு நான் சுத்த தன்யாசி படிப்பித்தேன்: ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். ஜாஸ்காரரும் புளூஸ்காரரும் அதிகம் புழங்குகிற ஐந்து சுர வரிசை ஒன்றும் அதே சுரங்கள்தான். அவள் கீபோர்ட்டில் அதை வாசித்தபோது ட்ரம்பெற் ஐயா தன் பாஷையில் பதில் சொன்னார். ஒருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்த தவில் வித்துவான் ஒருவர், ஒரு சனிக்கிழமை சாப்பிட வந்த இடத்தில் காரிலிருந்த தவிலை இறக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு அடித் தாளத்துக்குள் அவர் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரிக்கிற திஸ்ர நடையை விட்டார். ட்ரம்ஸ் தம்பி கொஞ்சநேரம் குச்சியை நிறுத்திக் கேட்டான். பிறகு சிம்பலில் மெதுவாக அதைப் பிடித்தான். ஜாஸ்காரர்கள் ஸ்விங் என்று சொல்கிற நடைக்குள்ளும் ஒவ்வொரு அடியும் மூன்றாகத்தான் பிரிகிறது. இரண்டுபேரும் ஒரே வீட்டுக்கு வேறு வேறு படலையால் வந்தது போலிருந்தது. வித்துவான் எழும்பும்போது தம்பியின் தோளில் தட்டிவிட்டு, அடுத்த வருடத் திருவிழாவுக்கும் வந்து வாசிப்பேன் என்றார். வருகிறபோது நாங்கள் அவருக்கு என்ன பதில் சொல்வது?

இந்த நாட்டுக்கும் ஜாஸ் நேற்று வந்ததல்ல. அமெரிக்க ஜாஸ் மேதைகளான டேவ் புரூபெக் 1958 இலும் டியூக் எலிங்டன் 1963 இலும் தங்கள் குழுக்களோடு இலங்கைக்கு வந்து வாசித்தார்கள். 2011 இல் யுனெஸ்கோ ஏப்ரல் 30 ஐச் சர்வதேச ஜாஸ் தினமாக அறிவித்தது. வன்னிக்கு வந்துசேர இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் எங்கள் இரசனை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். மிதிக்கிறவர் களைத்தால் சத்தம் மங்கிவிடும். உடனே அடுத்தவர் ஏறுவார். செய்திக்காக மிதித்தோம், பிறகு பாட்டுக்காகவும் மிதித்தோம். எந்த நாட்டுப் பாட்டு, எந்த மொழிப் பாட்டு என்று அப்போது ஒருவரும் பார்க்கவில்லை. இவ்வளவு கஷ்டத்திலும் இசையை விடாத சனத்துக்கு எது கேட்கத் தகும், எது தகாது என்று அலுவலக மேசையிலிருந்து எழுதி அனுப்புவது சரியில்லை.

பண்பாட்டுக் கதைக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது. அதை ஒருவரும் எழுத்தில் வைக்கவில்லை, ஆனால் ஊரெல்லாம் கதைக்கிறார்கள்: ஒரு குமர்ப்பிள்ளை இரவில் கடையில் ஆம்பிளைகளோடு சேர்ந்து வாசிக்கிறாள் என்பது. அந்தப் பிள்ளையின் தாய் முதல் வரிசையில் இருப்பார், நான் பக்கத்தில் இருப்பேன். எட்டரைக்குக் கச்சேரி முடிய மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் வீட்டுக்குப் போவோம். ஆடைத் தொழிற்சாலைக்கு விடியமுன் பஸ் ஏறிப் போய் இருட்டின பிறகு திரும்புகிற பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. அவர்களின் பாதுகாப்புக்கென்று வீதி விளக்குப் போடச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. விளக்குப் போட முடியாத சபை, வெளிச்சத்தில், தாயின் முன்னால், பெரியவர்கள் நடுவில் இருந்து வாசிக்கிற பிள்ளையைப் பற்றி மட்டும் எப்படிக் கவலைப்பட்டது? உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் பிள்ளை வெளியில் இறங்கக் கூசுகிறாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைக்கிறாள். இதற்காக நான் மிகவும் கோபப்படுகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடைக்கு ஒருபக்கம் பூட்டிக்கிடக்கிற சங்கக் கட்டடம், மறுபக்கம் நெல் களஞ்சியம். ஆகக் கிட்டின வீட்டில் இருக்கிற ஆச்சி கச்சேரிக்கென்று முற்றத்தில் கதிரை போட்டு இருப்பவர். முறைப்பாடு செய்தீர்களா என்று கேட்டேன், திகைத்துப்போனார். பேஸ் கிற்றாருக்கும் கீபோர்ட்டுக்கும் சின்ன ஸ்பீக்கர் இரண்டு உண்டு, அதற்குப் பொலிஸ் அனுமதியும் எடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற வாத்தியங்களுக்கு மைக் இல்லை. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டது. எட்டரைக்கு முடிகிற கச்சேரி அதற்குள் வராது. கலியாண மண்டபங்களில் டீஜே போட்டு நடுச்சாமம் தாண்டியும் கண்ணாடி அதிர அடிக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கடிதம் போனதாக நான் அறியவில்லை.

அனுமதி பெறாத களியாட்டம் என்ற காரணத்துக்காகக் கடைக்காரத் தங்கச்சியோடு நானும் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எந்த அனுமதி என்று கேட்டோம். படிவம் தாருங்கள், இப்போதே நிரப்புகிறோம், கட்டணம் இருந்தால் கட்டுகிறோம் என்றோம். அப்படியொரு படிவம் சபையில் இல்லை என்று சொன்னார்கள். ரிக்கெற் விற்காத நிகழ்ச்சிக்குக் களியாட்ட வரியும் வராது என்று அங்கிருந்த அலுவலரே விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் இல்லாத அனுமதியை எடுக்கவில்லை என்பதற்காக ஒரு பெண்ணின் வியாபாரத்தை மிரட்டியிருக்கிறீர்கள்.

இப்படிச் செய்த முதல் சபை நீங்கள் அல்ல. நியூயோர்க் நகரத்தில் 1926 இல் கபரே சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சாப்பாடும் பானமும் விற்கிற இடத்தில் பாட்டோ ஆட்டமோ நடந்தால் தனி அனுமதி வேண்டும் என்றது. பின்னாளில், அனுமதியில்லாத இடங்களில் பியானோ, கிற்றார் போன்றவற்றோடு மூன்று பேர் வரை இருக்கலாம், ஊதுகிற வாத்தியமும் ட்ரம்ஸும் கூடாது என்று திருத்தினார்கள். 1940 தொடக்கம் 1967 வரை அங்கே வாசிக்கிறவர்கள் பொலிஸிடம் அட்டை எடுக்கவேண்டியிருந்தது. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் அட்டையை 1951 இல் பறித்தார்கள். ஆறு வருடம் தன் சொந்த நகரத்துக் கிளப்புகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. வாத்தியத்துக்கும் ஆள்தொகைக்கும் போட்ட கட்டுப்பாட்டை 1980களில் நீதிமன்றம் தள்ளியது. மிஞ்சியிருந்த ஆட்டத் தடையை 2017 இல் அந்த நகரசபையே நீக்கியது. தொண்ணூறு வருடம் பிடித்தது. எங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.

ஏனென்றால் வாராவாரம் நடப்பதுதான் இதில் பெரிய காரியம். வருடத்துக்கு ஒருமுறை மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினால் கலைஞர் உருவாகமாட்டார். அடுத்த சனிக்கிழமை வாசிக்கவேண்டும் என்றால்தான் திங்கட்கிழமை சாதகம் பண்ணுவார்கள். நியூயோர்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற சிறிய நிலக்கீழ் கூடத்தில் 1966 தொடக்கம் திங்கள் இரவுகளில் ஒரு பெரிய ஜாஸ் குழு வாசித்துவருகிறது. தலைவர்கள் காலமானார்கள், வாசிப்பவர்கள் மாறினார்கள், திங்கட்கிழமை மாறவில்லை. எங்கள் கடையிலும் அப்படி ஒன்று முளைவிட்டது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலர் நேரத்தோடு வந்து, வாத்தியங்களைத் தொட்டுப் பார்த்து, ட்ரம்பெற் ஐயாவிடம் ஊதக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவருக்கு அவர் காசு வாங்காமல் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார்.

நிறுத்தினபின் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். சாக்ஸபோன் பெடியன் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போய்விட்டான். வாத்தியம் ஐயாவின் வீட்டில் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ட்ரம்ஸ் தம்பி மாலையானால் வாசலில் இருக்கிறான். அவன் வயதுப் பெடியளைக் கசிப்பும் கஞ்சாவும் ஐஸும் எப்படிக் கொண்டுபோகின்றன என்று நீங்கள் கூட்டங்களில் பேசுகிறீர்கள், பதாகை பிடிக்கிறீர்கள். மாலையில் பெடியள் போய் இருக்க இந்த ஊரில் சபை உண்டாக்கிய இடம் எது? உங்கள் கலாசார மண்டபம் வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது. சனமே தங்கள் முயற்சியில் உண்டாக்கிய ஒரு இடம் இருந்தது. அதையும் மூடச் சொன்னீர்கள்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தருகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நானும் அந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்ப்பதும் சபையின் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. 2023 மார்ச் தொடக்கம் 2025 வரை தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாமல் இருந்தோம். எங்கள் குரலைக் கேட்க ஆக்கள் வேண்டும் என்றுதான் உங்களைத் தெரிவுசெய்தோம். கேளாமலே தீர்ப்பு எழுதுவதற்கு அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

அந்தக் கடிதத்தை எழுத்து மூலம் மீளப்பெறுங்கள். வாய்ச்சொல்லில் "நடத்துங்கோ, பாப்பம்" என்றால் போதாது. அனுமதிப்பத்திரம் இரத்தாகும் என்று எழுத்தில் மிரட்டியிருக்கிறீர்கள், எழுத்திலேயே நீக்கவேண்டும். அதற்கு முன் விசாரணை தேவை என்று நினைத்தால், அடுத்த மாதாந்தப் பொதுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, கடைக்காரரையும் வாசிப்பவர்களையும் அயலவர்களையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேளுங்கள். முறைப்பாடு ஒன்று உண்மையில் இருந்தால் அதன் பிரதியைத் தாருங்கள். முறைப்பாட்டாளரின் பெயரை மறைத்துத் தந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். இதையும் தீர்மானம் எடுத்த கூட்டத்தின் அறிக்கையையும் கேட்டு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாள்களுக்குள் பதில் வரவேண்டும்.

உணவகங்களில் இசை நடத்துவதற்கு ஒரு சின்ன ஒழுங்குவிதியை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு முடியவேண்டும், எவ்வளவு சத்தம், என்ன கட்டணம், எந்தப் படிவம். கலியாண மண்டபத்துக்கும் பெரிய விடுதிக்கும் சின்னச் சாப்பாட்டுக்கடைக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். அதற்குக் கட்டுப்பட நாங்கள் தயார். ஆனால் எந்த வாத்தியம், எந்த நாட்டு இசை, வாசிப்பது ஆணா பெண்ணா என்பவை அந்த விதிக்குள் வரக்கூடாது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தவிசாளரோ பெண் உறுப்பினர் ஒருவரோ போய், அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்று தாயின் முன்னால் சொல்லவேண்டும் என்றும் கேட்கிறேன். இதற்குச் சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

கலாசார மண்டபத்தின் சாவியை வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகளின் வாத்தியப் பயிற்சிக்குத் தாருங்கள். மின்கட்டணத்தை நாங்கள் சேர்த்துக் கட்டுகிறோம். நானும் ட்ரம்பெற் ஐயாவும் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறோம்.

அடுத்த பொதுக் கூட்டம் முடிய ஒரு கிழமைக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் கச்சேரிக்கு வந்துபோன சனத்தின் கையெழுத்துகளோடு உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் போவோம். அங்கும் முடியாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவோம். சட்டத்தரணியோடு ஏற்கனவே கதைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர்